ஹோமில் சேர்ப்பதற்கு முன்னால்

அப்பா இறந்துவிட்டார், அம்மா கூலி வேலைக்குப் போகிறார், பிள்ளை ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. இப்படி ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நல்ல மனம் கொண்டவர்கள் பலர் முதலில் கேட்பது, "எங்கேயாவது ஹோமில் சேர்த்துவிடலாமா?" என்பதுதான். அக்கறையில் வருகிற கேள்விதான். ஆனால் முதல் கேள்வியாக அது இருக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 3-ஆம் பிரிவில் அடிப்படைக் கொள்கைகளை வரிசைப்படுத்துகிறது. குழந்தையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்பது அதில் ஒன்று. வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. தாயும் பிள்ளையும் சேர்ந்து வாழ வறுமை ஒன்றே தடை என்றால், அந்த வறுமைக்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். அப்படிச் செய்வதற்கான வழிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்வது, எங்கே சிக்கும் என்பதுதான் இந்தப் பதிவு. ஆசிரியர்கள், ஊராட்சிப் பணியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் என எல்லாருக்கும் பயன்படும்.

எங்கே போவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதன் அருகிலோ இருக்கும். அங்கே நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென்றே ஒரு பாதுகாப்பு அலுவலர் உண்டு. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுகிற வேலைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது அவரைத்தான். குழந்தைகள் நலக் குழு என்பது வேறு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழு அது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரம் உண்டு. மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் அது அமர வேண்டும். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, நாள் முழுக்க இயங்குகிறது.

குழுவின் முன் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றதும் பல தாய்மார்கள் பயந்துவிடுகிறார்கள். "புள்ளையப் புடிச்சு வெச்சுக்குவாங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதந்தோறும் தரும் நிதி ஆதரவைக் கேட்டுப் போகும்போது பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு அம்மாவோடேயே அனுப்பிவிடுவார்கள் என்பதை வீட்டிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால் மட்டுமே குடும்பம் பாதி வழியில் காணாமல் போவது உண்டு.

வீட்டுக்குப் போகும்போது

வீட்டுக்குப் போனதும் "ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை?" என்று ஆரம்பித்தால் குற்றம் சாட்டுவதாகத்தான் கேட்கும். "நாளையிலேர்ந்து அனுப்பிடுறேங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் பாப்பா என்னென்ன செஞ்சா, சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும். அம்மா விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். தம்பியைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விடுவது இவள்தான். அங்கன்வாடி திறப்பதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடுகிறது. தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும், அதனால் போவதே இல்லை. இவ்வளவும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். இங்கே பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று எழுதுவது அநியாயம். தம்பியைக் காலையில் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்வதும், தலைமையாசிரியரிடம் அந்த அரை மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும்தான் முதல் உதவி. பணமெல்லாம் பிறகு.

வரும்போது கண்ணால் பார்த்துவர வேண்டியவையும் உண்டு. ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது? கணவர் இறந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் மாமனார் வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். அரிசி அங்கே போகும், பசி இங்கே இருக்கும். வட்டிக்குக் கடன் இருக்கிறதா, வாரத் தவணையா? பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் வீட்டில் இருக்கின்றனவா, கடன் கொடுத்தவரிடம் அடகில் இருக்கின்றனவா? இதைக் கேட்கக் கூச்சப்பட்டால், நாளைக்கு வரப்போகும் உதவித்தொகை யார் கைக்குப் போகும் என்பது தெரியாமலே போய்விடும்.

காகிதங்கள்

இந்த வேலையில் பாதி காகிதம்தான். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் வேண்டும். பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், தீராத நோய் என்றால் அரசு மருத்துவரின் சான்று, மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான அட்டை. பட்டியல் எளிதுதான். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது.

அதிகம் சிக்குவது இறப்புச் சான்றிதழ். வீட்டில் நடந்த மரணத்தைப் பல குடும்பங்கள் பதிவு செய்வதே இல்லை. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு இல்லாமல் பதியவே முடியாது. அப்படி என்றால் மற்ற காகிதங்களுக்காகக் காத்திருக்காமல் இந்த மனுவை முதல் நாளே போட்டுவிட வேண்டும். நாள் பிடிப்பது இதற்குத்தான்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு ஊரகத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயையும் மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. நாள் கூலியை 365 ஆல் பெருக்கிச் சான்றிதழில் எழுதிவிட்டால் எந்தக் கூலித் தொழிலாளிக்கும் இந்த உதவி கிடைக்காது. களையெடுப்பும் நடவும் வருடம் முழுக்கவா நடக்கின்றன? எந்த மாதங்களில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்பதை ஒரு தாளில் எழுதி கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே வேறு எதற்காவது வாங்கிய வருமானச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் இரு வேறு தொகை இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பெயர்ப் பிழையைப் பற்றி தமிழ்நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஷியல் முன்னால், பின்னால், விரித்து எழுதியது என ஒரே பிள்ளைக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், ஆதாரை வைத்துப் பள்ளிப் பதிவையும் வங்கிக் கணக்கையும் திருத்துங்கள். இந்த வரிசை மாறினால் திரும்பத் திரும்ப அலைய வேண்டிவரும். பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

வங்கிக் கணக்கு இரண்டு ஆண்டுகள் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் கிடந்தால் செயலற்றதாகிவிடும். பள்ளியில் திறந்து கொடுத்த கணக்குகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. பணம் அனுப்பி, அது திரும்பிப் போய், மறுபடி அனுப்பக் கோருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். விண்ணப்பத்தோடு கணக்கு எண்ணைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கில் 100 ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் வங்கியிலேயே கேட்டுவிடுங்கள். கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் ஆதார்வழிப் பணம் போகும்.

பணம் எங்கிருந்து, எவ்வளவு

மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகள், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளைகள், விபத்தாலோ வேறு காரணத்தாலோ பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகள் இதற்குள் வருகிறார்கள். வேலையிலிருந்து மீட்கப்பட்டவர்களும் குழந்தைத் திருமணத்துக்கு ஆளானவர்களும் வருகிறார்கள். பிள்ளை இல்லத்துக்குப் போய்விடாமல் தடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம், ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவும் பயன்படுத்தலாம். இரண்டாவது வாய்ப்பை மிகக் குறைவாகவே கேட்கிறார்கள் என்பது என் ஆதங்கம். அம்மாவால் சோறு போட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த 4,000 ரூபாய் வீட்டுக் கதவைத் திறந்துவிடும்.

விண்ணப்பம் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், நலக் குழு பரிந்துரைக்கும், மாவட்ட அளவிலான நிதி ஆதரவு மற்றும் வளர்ப்புப் பராமரிப்பு ஒப்புதல் குழு முடிவு செய்யும். அந்தக் குழு தினமும் கூடுவதில்லை, நிதி ஒதுக்கீடும் வர வேண்டும். ஆகவே "அடுத்த மாசம் வந்துரும்" என்று குடும்பத்திடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நம்பி அவர்கள் கடன் வாங்குவார்கள். பல மாதப் பணம் ஒரே தவணையாக வருவதும் உண்டு. அது வருகிற நாளில் கடன்காரர் வாசலில் நிற்பார். மளிகை, பள்ளிச் செலவு, கடன் என மூன்றாகப் பிரித்து முன்கூட்டியே அம்மாவோடு உட்கார்ந்து எழுதி வைத்தால் மட்டுமே அந்தத் தொகை பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் தனி. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்பது அதன் வரையறை. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அலகிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளிக்குத் திரும்புதல்

சேர்க்கை எளிது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கை காலம் முடிந்துவிட்டது என்றோ மறுக்க முடியாது. தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி வைத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இது முக்கியம். மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லியிருக்கிறது. எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) பழைய பள்ளியிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநரைப் பிடியுங்கள், அவரால் அதை நகர்த்த முடியும்.

தங்க வைப்பதுதான் கடினம். மூன்றாம் வகுப்போடு நின்ற 12 வயதுப் பையனை ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் முதல் வாரத்திலேயே ஓடிவிடுவான். அதனால்தான் சட்டமே சிறப்புப் பயிற்சி என்று ஒன்றை வைத்திருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. தொடங்கும் முன் அவனுக்கு என்ன தெரியும் என்பதைத் தனியாக, மற்ற பிள்ளைகள் இல்லாத இடத்தில் பாருங்கள். எழுத்து, சொல், எளிய வாக்கியம், ஒரு பத்தி. கணக்கில் எண்ணை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல். தமிழில் பல பிள்ளைகள் நிற்கும் இடம் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வருகிற எழுத்துகள். 'கடல்', 'பாடம்' எல்லாம் சரியாக வாசிப்பான். 'கொடி' என்றால் கொம்பை ஒரு எழுத்தாகவும் காலை ஒரு எழுத்தாகவும் பார்த்துத் தடுமாறுவான். இதை "படிக்கவே தெரியாது" என்று குறித்துக்கொண்டு 'அ, ஆ'விலிருந்து ஆரம்பித்தால் அவமானத்தில் சுருங்கிப்போவான். எங்கே நிற்கிறானோ அங்கிருந்து தொடங்கினால் சில வாரங்களிலேயே பத்தி வாசிக்கத் தொடங்கிவிடுவான்.

வேறு சிலவும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வந்து மதியம் வரை உட்கார வேண்டியிருக்கும். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் என்ன வழி என்று கேட்டீர்களா? மாதவிடாய் நாள்களில் மட்டும் வராத பெண்பிள்ளை இருந்தால் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். முதல் மாதம் பிள்ளை வராத நாளில் காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு ஒரு போன் போக வேண்டும். மூன்று நாள் கழித்து விசாரித்தால் அதற்குள் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பான்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் ஆண்டில் ஆறு மாதம் ஊரில் இல்லை. இங்கே பாட்டி வீட்டில் விட்டுப்போக உதவுவதோ, அந்தப் பருவத்துக்கு மட்டும் உண்டு உறைவிடப் பள்ளியிலோ ஆதிதிராவிடர் நல விடுதியிலோ சேர்ப்பதோ சரியான வழிதான். பெற்றோர் திரும்பியதும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கோ மொழியே முதல் தடை, ஒடியா தெரிந்த ஒருவர் இல்லாமல் அங்கே வகுப்பு நடத்திப் பயனில்லை. முன்பணம் வாங்கியதால் சூளையை விட்டுப் போகவே முடியவில்லை என்று ஒரு குடும்பம் சொன்னால் பள்ளிப் பேச்சை நிறுத்திவிடுங்கள். அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரும். கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் புகார் போக வேண்டும். விடுவிப்புச் சான்றிதழும் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியும் அவர்களின் உரிமை.

14 வயதைத் தாண்டியவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் கைகொடுக்காது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது வரை கைகொடுக்கும். பட்டறையில் வேலை செய்யும் 15 வயதுப் பையனைத் திரும்ப எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்காரச் சொன்னால் வர மாட்டான். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதவைத்து ஐடிஐ பக்கம் திருப்புவது, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக முடிக்க வைப்பது ஆகியவை அவன் ஒத்துக்கொள்ளும் வழிகள்.

வீடே ஆபத்தாக இருக்கும்போது

இதுவரை சொன்ன எல்லாம், வீடு பாதுகாப்பாக இருந்தால் மட்டும். பிள்ளை மீது பாலியல் வன்முறை நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். சொல்லாமல் விடுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசித் தீர்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். மேற்கொண்டு தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். வாக்குமூலத்தைப் பிள்ளை விரும்பும் இடத்தில், சீருடை அணியாத அதிகாரிதான் வாங்க வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி. வழக்கு முடியும் வரை கூட இருக்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி நலக் குழுவிடம் கேட்கலாம். இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அப்பாவின் குடி இன்னொரு வகை. எல்லாக் குடிகார அப்பாக்களும் பிள்ளையை எடுத்துச் செல்ல வேண்டிய அளவுக்கு ஆபத்தானவர்கள் அல்லர். அடி விழுகிறதா, இரவில் பிள்ளைகள் வெளியே ஓடி ஒளிகிறார்களா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்து அம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்தே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வழி தேடுங்கள், பிள்ளைகளை மட்டும் பிரிக்காதீர்கள். இல்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை, 14416 என்ற மனநல உதவி எண், அம்மா பெயரில் தனிக் கணக்கு. சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி குடிப்பது அடிக்கடி நடப்பதுதான். அதற்காக "இந்தக் குடும்பம் தேறாது" என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள்.

குழந்தைத் திருமணத்தைத் தடுத்துவிட்டுத் திரும்பி வருவதோடு பல இடங்களில் வேலை நின்றுவிடுகிறது. ஏற்பாடு செய்தவர்கள் சில வாரங்கள் கழித்து வேறு ஊர்க் கோயிலில் அதே திருமணத்தை நடத்திவிடுவார்கள். தடுத்த அன்றே மாவட்ட சமூக நல அலுவலருக்கும் நலக் குழுவுக்கும் எழுத்தில் தகவல் போய், பெற்றோரிடம் உறுதிமொழி வாங்கி, அந்தப் பெண் பள்ளியில் இருக்கிறாள் என்பதை அடுத்த சில மாதங்களுக்கு வாரம்தோறும் யாராவது பார்க்க வேண்டும்.

தொடர்ந்து பார்ப்பது

முதல் மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த இரண்டு மாதம் இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. இதற்குக் குறைவாகப் போனால் விஷயம் கையை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவு, பாஸ்புக்கின் கடைசிப் பக்கம், வீட்டில் இருக்கும் அரிசி என மூன்றையும் பாருங்கள். அசல் காகிதங்கள் குடும்பத்திடமே இருக்கட்டும், நகல் மட்டும் உங்களிடம். தொடர்ந்து ஆறு மாதம் பிள்ளை பள்ளியில் இருக்கிறாள், பணம் ஒழுங்காக வருகிறது, எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவுக்கே தெரிகிறது என்றால் உங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நிதி ஆதரவு 18 வயதோடு நின்றுவிடும். பல பிள்ளைகளுக்கு அந்தப் பிறந்தநாள் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவிலேயே வந்துவிடுகிறது, சரியாகப் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் வீட்டில் வருமானம் குறைகிறது. பதினோராம் வகுப்பிலேயே தேதியைப் பார்த்து, அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பது என்று அம்மாவோடும் பிள்ளையோடும் பேசிவிடுங்கள். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று குடும்பம் கேட்கும்போதே இதையும் சொல்லிவிடுங்கள்.